69 கிலோ கடிதம்

அந்தத் தபால் பையின் எடை 69 கிலோவைத் தாண்டக் கூடாது. 1943 நடுவில் தொடங்கி 1945 ஜூலை வரை, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்திலிருந்து இலங்கையின் தென்கோடியிலுள்ள கொக்கல வாவிக்கு ஒரு ரகசிய விமான சேவை நடந்தது. அதில் தபாலுக்கு ஒதுக்கப்பட்ட எடை அவ்வளவுதான். அரசாங்கங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிய காகிதங்களும், படையில் இருந்தவர்களின் கடிதங்களும் அதற்குள் அடங்கியாக வேண்டும். பையோடு அதிகபட்சம் மூன்று பயணிகள் போகலாம். நான்காவதாக ஒருவரை ஏற்றினால், அவருடைய எடைக்குப் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். குறைத்தால் மறுகரை வராது.

கொக்கலவுக்கும் பெர்த்துக்கும் நேர்க்கோட்டில் 5,652 கிலோமீட்டர். பையைச் சுமந்த விமானங்கள் இதைக் கடக்க 27 மணி முதல் 33 மணி வரை எடுத்துக்கொண்டன. வழியில் எங்கும் இறங்கவில்லை. இன்றைய ஜெட் விமானத்துக்கு இது ஏறக்குறைய 7 மணி நேரப் பயணம். இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பூமி ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டது. நேரத்தை மட்டும் மனிதர்கள் எழுதுகிறார்கள். எதை ஏற்றுவது, எதைக் கழற்றி வைப்பது, எவ்வளவு ஆபத்துக்குத் துணிவது என்று அவர்கள் எடுக்கும் முடிவுகளெல்லாம் சேர்ந்துதான் 'பறக்கும் நேரம்' என்ற ஒற்றை எண்ணாகிறது. அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை இந்தத் தபால் பையின் பயணத்தைப்போல் துலக்கமாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

போருக்கு முன்னால் ஆஸ்திரேலியக் கடிதம் இங்கிலாந்துக்குப் போவது பெருமைக்குரிய ஏற்பாடாக இருந்தது. 1938இல் சிட்னியின் ரோஸ் பேயில் கிளம்பும் 'எம்பயர்' வகைப் பறக்கும் படகுகள், தண்ணீரில் இறங்கி இறங்கி, சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி வழியாகப் பத்து நாளுக்குள் சதாம்டன் சேர்ந்தன. சிங்கப்பூர் வரை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் ஓட்டியது. அதன்பின் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் பொறுப்பேற்றது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் மத்தியதரைக் கடல் மூடிக்கொண்டது. விமானங்கள் கெய்ரோவிலிருந்து தெற்கே திரும்பி ஆப்பிரிக்கா நெடுகப் பறந்து டர்பனில் முடிந்தன. சிட்னியில் தொடங்கி இந்தியாவைத் தொட்டு டர்பனில் இறங்கும் அந்தப் பாதை வரைபடத்தில் வளைந்து கிடந்ததால் அதற்குக் குதிரை லாட வழி என்றே பெயர்.

லாடத்தின் கிழக்குக் கால் 1942 தொடக்கத்தில் ஒடிந்தது. ஜனவரி 30 அன்று திமோர் அருகே 'கொரியோ' என்ற குவாண்டாஸ் பறக்கும் படகை ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினார்கள். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவில் உழைத்துக்கொண்டிருந்த தமிழர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும் அந்த நாட்களோடு நின்றன. பிப்ரவரி 19இல் டார்வின் மீது குண்டு விழுந்தது. ஜாவாவிலிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டிருந்த 'சர்சி' என்ற படகு மாதக் கடைசியில் காணாமற்போனது. மார்ச் 3 அன்று ப்ரூம் துறையில் நின்றிருந்த பறக்கும் படகுகள் தண்ணீரிலேயே எரிந்தன. ஆசியாவோடு ஆஸ்திரேலியாவை இணைத்த ஆகாய வழி அத்தோடு அறுந்தது.

இனி இருந்த ஒரே வழி, எதிரி கையில் இல்லாத இந்தியப் பெருங்கடல். கப்பலில் போகலாம். ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் போருக்கு முன்னர் பயணிக் கப்பல்கள் எட்டு ஒன்பது நாளில் வந்துகொண்டிருந்தன. குறுக்கே நிலமே இல்லாததால் கப்பலின் தூரமும் விமானத்தின் தூரமும் இங்கே கிட்டத்தட்ட ஒன்றே. உலகில் இப்படி அமைவது அபூர்வம். ஆனால் போர்க்காலக் கப்பல் நீர்மூழ்கிகளுக்கு அஞ்சிச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கடலின் குறுக்கே பறக்க முடியும் என்பது முன்பே தெரிந்திருந்தது. 1939 ஜூனில் பி. ஜி. டெய்லர் என்ற ஆஸ்திரேலிய விமானி, அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஆர்ச்போல்டின் 'கூபா' என்ற கேட்டலினா ரகப் பறக்கும் படகில் போர்ட் ஹெட்லண்டிலிருந்து கோக்கோஸ் தீவுகள், டியகோ கார்சியா வழியாக மொம்பாசா வரை போய்க் காட்டியிருந்தார். ஆனால் அவர் தீவு தீவாக இறங்கிப் போனவர். 1943இல் அப்படி இறங்கிப் போக முடியாது. கிறிஸ்துமஸ் தீவு ஜப்பானியர் கையில் இருந்தது. சுமத்ராவும் ஜாவாவும் அவர்களுடைய விமானத் தளங்கள். பாதையின் நடுவே இருந்த கோக்கோஸ் தீவுகள் பிரிட்டன் வசமே இருந்தாலும், எதிரி விமானங்கள் எட்டிவிடும் தொலைவில் இருந்தன. ஆகவே ஒரே மூச்சில் பறக்க வேண்டும். விமானமோ, தன் வழக்கமான நிலையில் அவ்வளவு தூரம் போகக்கூடியதல்ல.

குவாண்டாஸுக்குக் கிடைத்தவை ஐந்து கேட்டலினாக்கள். அமெரிக்காவில் கட்டப்பட்டு, 'லெண்ட்-லீஸ்' என்ற போர்க்காலக் கடன் ஏற்பாட்டில் பிரிட்டனுக்கு வந்தவை. ஐந்துக்கும் நட்சத்திரங்களின் பெயரை வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அண்டாரிஸ், ஸ்பைகா. விமானிகள் இரவில் வழி பார்த்த நட்சத்திரங்கள் அவை. நம் பஞ்சாங்கம் இவற்றில் நான்கை நன்றாகவே அறியும். ஆல்டேர் திருவோணம், அண்டாரிஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை, வேகா அபிஜித்.

கேட்டலினா அழகான விமானம் என்று சொல்ல மாட்டேன். படகு வயிற்றின் மேல் ஒரு தண்டு, தண்டின் மேல் நீண்ட இறக்கை, இறக்கையில் தலா 1,200 குதிரைசக்தி கொண்ட இரண்டு எஞ்சின்கள். வேகம் குறைவு, பொறுமை அதிகம். அந்தப் பொறுமையை இன்னும் நீட்டுவதற்காக அதை உரித்தார்கள். துப்பாக்கிகள் போயின, கவசத் தகடுகள் போயின. இறக்கையில் பனி படியாமல் தடுக்கும் கருவிகளும், குளிரையும் இரைச்சலையும் தடுக்கும் உள்ளுறைகளும் கழன்றன. எதிரி வந்தால் சுட ஒன்றுமில்லை. குளிர்ந்தால் கம்பளியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். கழற்றிய எடைக்கெல்லாம் ஈடாக உடலுக்குள் கூடுதல் பெட்ரோல் தொட்டிகளை வைத்தார்கள்.

இப்படி அது சுமந்த பெட்ரோல் ஏறக்குறைய 9,000 லிட்டர். எடையில் சுமார் ஆறரை டன். கிளம்பும்போது விமானத்தின் மொத்த எடை 16 டன். ஐந்தில் இரண்டு பங்கு பெட்ரோல் என்றாகிறது. அதைத் தபால் பையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கிலோ கடிதத்துக்கு 94 கிலோ பெட்ரோல். மூன்று பயணிகளையும் கணக்கில் சேர்த்தாலும் விகிதம் பெரிதாக ஆறுதல் தராது. தொலைதூரப் பறத்தலின் கொடுமையே இதுதான். பெட்ரோலைச் சுமக்கவே பெட்ரோல் செலவாகிறது. தூரம் கூடக் கூட, சுமக்க வந்த பொருள் சுருங்கிக்கொண்டே போகிறது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் அதிகமாக இருந்திருந்தால் பைக்கு இடமே இருந்திருக்காது. விமானம் தன் பெட்ரோலை மட்டும் சுமந்து மறுகரை சேர்ந்திருக்கும்.

அதனால்தான் அந்தக் காலத்தில் கடிதத்தின் எடையையே குறைக்க ஒரு வழி கண்டார்கள். கொடாக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் 1941இல் பிரிட்டிஷ் படையினருக்காகத் தொடங்கிய 'ஏர்கிராஃப்' அது. சிப்பாய் ஒரு படிவத்தில் கடிதம் எழுதுவார். அதை மைக்ரோஃபிலிமில் படம் பிடிப்பார்கள். சுருள் மட்டும் விமானத்தில் போகும். போய்ச் சேர்ந்த ஊரில் அதைப் பெரிதாக்கி, கையளவு தாளில் அச்செடுத்து உறையில் போட்டு வீட்டுக்குக் கொடுப்பார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான கடிதங்கள் சில அவுன்ஸ் எடையுள்ள ஒரு சுருளில் அடங்கின. கடிதம் எழுதிய தாள் ஊரிலேயே நின்றுவிட, எழுத்து மட்டும் கடல் தாண்டியது. தாயும் மனைவியும் அந்தச் சின்ன அச்சுத்தாளில் தங்கள் மனிதரின் கையெழுத்தையே பார்த்தார்கள்.

பை கிளம்பும் இடம் பெர்த்தின் ஸ்வான் ஆற்றில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய நெட்லண்ட்ஸ் கரை. பக்கத்திலேயே அமெரிக்கக் கடற்படையின் கேட்டலினாக்களும் நின்றன. குவாண்டாஸின் இந்த மேற்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் கேப்டன் பில் கிரௌதர். முதல் பயணத்தை ஓட்டியவர் கேப்டன் ரஸ்ஸல் டாப். இந்தச் சேவை வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹட்சன் ஃபிஷ். போர் முடிந்தபின் உலக வழித்தடத்தில் தன் நிறுவனத்துக்கு ஓர் இடம் வேண்டுமானால், போருக்குள்ளேயே அந்தத் தடத்தில் கால் பதித்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

16 டன் பாரத்தோடு ஆற்றிலிருந்து எழுவதே ஒரு போராட்டம். எழுந்தபின்னும் பெட்ரோல் எரிந்து பாரம் குறையும் வரை தாழ்வாகவே பறக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றால் மற்றது தனியாக அந்தப் பாரத்தைத் தூக்காது. பெட்ரோலைக் கடலில் கொட்டினால்தான் பிழைக்கலாம். கொட்டிவிட்டால் கொக்கல கிடையாது, திரும்பத்தான் வேண்டும். முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் ஆகும் இடம் எது என்று எஞ்சினைக் கவனிப்பவரும் வழி பார்ப்பவரும் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 9,000 லிட்டரை 30 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 300 லிட்டர். அதற்குமேல் ஒரு சொட்டும் எஞ்சின்கள் குடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இரவு பகலாக அவர்களின் வேலை.

27 மணி நேரமும் 33 மணி நேரமும் ஒரே விமானத்துக்கு எப்படி வந்தன? காற்றுதான் காரணம். கேட்டலினா அசையாத காற்றில் மணிக்கு 190 கிலோமீட்டர் போகிறது என்று வையுங்கள். 5,652 கிலோமீட்டருக்கு முப்பது மணிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பின்னாலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று தள்ளினால் 27 மணி. அதே காற்று எதிரே வீசினால் 33 மணி. சைக்கிளில் போகிறவரின் வேகத்துக்குச் சமமான காற்று, பயணத்தில் ஆறு மணி நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் ஜெட்டுக்கு இதே காற்றால் வரும் வித்தியாசம் இருபது நிமிடந்தான். மெதுவாகப் போகிறவன்தான் காற்றின் தயவில் வாழ வேண்டியிருக்கிறது. இந்தக் கடலில் தென்கிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று பையை இலங்கைப் பக்கம் தள்ளிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அறையும். அன்றைய காற்று எப்படி என்று கேட்டறியவும் ஆளில்லை. கடலில் போகும் கப்பல்கள் வாய் திறப்பதில்லை. விமானமும் திறக்கக் கூடாது. வானொலியில் ஒரு வார்த்தை பேசினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும்.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பெரியவராகத் தெரிபவர் வழி பார்த்தவர்தான். ஐந்து பேர் கொண்ட குழுவில் அவருக்கு ஒரு மேசை, வரைபடம், துல்லியமான கடிகாரம், நட்சத்திர அட்டவணை, கோணம் அளக்கும் செக்ஸ்டண்ட். அவ்வளவுதான் கருவி. ஒவ்வொரு நட்சத்திரமும் எந்த நொடியிலும் பூமியில் ஏதோ ஓரிடத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த இடம் எது என்பதை அட்டவணையும் கடிகாரமும் சொல்லும். நாம் பார்க்கும்போது அந்த நட்சத்திரம் உச்சியிலிருந்து எவ்வளவு கோணம் சரிந்திருக்கிறதோ, அவ்வளவு தூரத்தில் நாம் இருக்கிறோம். ஒரு பாகை அறுபது கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். இப்படி இரண்டு மூன்று நட்சத்திரங்களை அளந்து கோடு போட்டால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விமானம் இருக்கிறது.

சொல்வதற்கு எளிது. அதிரும் விமானத்தில், உறைய வைக்கும் குளிரில், மேகம் விலகும் சில நிமிடத்துக்குள் அளந்தாக வேண்டும். கடிகாரம் நான்கு நொடி பிசகினால் நிலநடுக்கோட்டின் அருகே கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தவறு. பகலில் சூரியன் ஒன்றுதான் துணை. கீழே அலைகளைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் ஒதுக்குகிறது என்று கணிப்பார்கள். இரவில் எரியும் மிதவையைக் கடலில் போட்டுவிட்டு அது பின்னால் எந்தக் கோணத்தில் நகர்கிறது என்று பார்ப்பார்கள். திசையில் ஒரே ஒரு பாகை தவறி கடைசிவரை அப்படியே போனால், 5,652 கிலோமீட்டரின் முடிவில் விமானம் 99 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். கொக்கலவோ தீவின் தெற்கு ஓரம். இடப்பக்கம் அந்த அளவுக்கு விலகிவிட்டால் கீழே கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் மட்டுமே. தொட்டியிலோ அதிகம் மிச்சமிருக்காது.

271 முறை இந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு முறைகூட விமானமோ உயிரோ போகவில்லை. துப்பாக்கி இல்லாமல், வானொலியில் பேசாமல், நட்சத்திரத்தை நம்பி, இரண்டாண்டு இப்படி நடந்தது. போர்க்கால விமான வரலாற்றில் இதற்கு இணையான திறமையைக் குண்டு வீசிய படைகளில் நான் தேடமாட்டேன்.

எதிரியின் எல்லைக்குள் வரும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்திருந்தார்கள். ஒரு நாளுக்கும் அதிகமாக ஆகாயத்தில் இருந்ததால், ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பயணிகள் பார்த்தார்கள். 'இரட்டைச் சூரிய உதயம்' என்றே இந்தச் சேவைக்குப் பெயர் வந்தது. இறங்கிய ஒவ்வொரு பயணிக்கும் 'இரட்டைச் சூரிய உதய ரகசியக் கழகம்' என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இரைச்சலிலும் குளிரிலும் முடங்கி உட்கார்ந்து வந்த மூவர், தாங்கள் செய்தது சாதாரணப் பயணமல்ல என்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்தக் காகிதம் உதவியிருக்கும்.

பை இறங்கிய இடத்துக்கும் ஒரு கதை உண்டு. காலிக்குக் கிழக்கே கடலோரம் தென்னை சூழ்ந்து கிடக்கும் வாவி கொக்கல. சிங்கள இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த ஊர். பிரிட்டிஷ் விமானப்படை அந்த வாவியைக் கடல்விமானத் தளமாக்கியபோது ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது. இன்று அங்கே நாட்டார் பண்பாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கிராமத்து வாழ்க்கை சிதைவதைச் சொல்லும் அவருடைய 'கம்பெரலிய' நாவல் 1944இல் வந்தது. தமிழில் அது 'கிராமப் பிறழ்வு'. பெர்த் விமானங்கள் வாவியில் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு. கடிதம் விரைவாகப் போனதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கணக்கெடுத்தால், வீடிழந்த கொக்கல மக்களையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

1942 ஏப்ரல் 4 அன்று இதே வாவியிலிருந்து கிளம்பிய கனடிய விமானப்படைக் கேட்டலினா ஒன்றுதான், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டது. அதை ஓட்டிய லியனார்ட் பர்ச்சல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது குண்டு விழுந்தபோது நகரம் முன்கூட்டியே எச்சரிக்கை பெற்றிருந்தது. கேட்டலினா என்ற பெயர் இலங்கை வரலாற்றில் அதற்காகவே நிற்கிறது. அதே வகை விமானம் அதே தண்ணீரில் அடுத்த ஆண்டு கடிதப் பையோடு வந்து இறங்கியது பலருக்குத் தெரியாது.

கொக்கலவோடு பையின் பயணம் முடியவில்லை. அங்கிருந்து கராச்சி, பின் மேற்காசியா, கெய்ரோ என்று பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் கைகளில் மாறி மாறி லண்டன் சேர வேண்டும். சில காலத்துக்குப்பின் குவாண்டாஸ் கேட்டலினாக்களே கராச்சி வரை போய்வந்தன.

1944 ஜூனில் குண்டுவீச்சு விமானத்தை மாற்றியமைத்த லிபரேட்டர்கள் இந்தத் தடத்துக்கு வந்தன. நான்கு எஞ்சின், சக்கரம், ஓடுபாதை. ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் லெர்மந்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு இரத்மலானையில் இறங்கின. கடலைக் கடக்கும் நேரம் 17 மணி அளவுக்குக் குறைந்தது. அந்த லிபரேட்டரில்தான் முதன்முதலாகக் கங்காரு வரையப்பட்டது. ஆஸ்திரேலிய ஒரு பென்னி நாணயத்திலிருந்து எடுத்த உருவம் அது. இன்று உலகம் முழுதும் குவாண்டாஸ் விமானங்களின் வாலில் பார்க்கும் கங்காருவின் பிறப்பிடம் இந்தப் பெர்த்–இலங்கைத் தடந்தான். 1945 மே இறுதியில் லங்காஸ்ட்ரியன் விமானங்கள் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்கு, லிட்டா, கராச்சி, இரத்மலானை, லெர்மந்த் வழியாக மூன்று நாளில் போகத் தொடங்கின.

நேரம் குறைந்துவிட்டதால் கடல் சாதுவாகிவிடவில்லை. 1946 மார்ச் 23 அன்று லங்காஸ்ட்ரியன் ஒன்று கொழும்பிலிருந்து கோக்கோஸ் தீவுகளை நோக்கிக் கிளம்பியது. பத்துப் பேர் அதில் இருந்தார்கள். விமானம் போய்ச் சேரவில்லை. போர் முடிந்துவிட்டது, எதிரி இல்லை, வானொலியில் தாராளமாகப் பேசலாம், எஞ்சின்கள் நான்கு. இத்தனையும் இருந்தும் அதே கடல் அவர்களை விழுங்கியது. கேட்டலினாக்காரர்கள் 271 முறை தப்பி வந்த கடல் எப்படிப்பட்டது என்பதற்கு இந்த ஒரு இழப்பு போதும்.

2018 மார்ச் 24 அன்று பெர்த்திலிருந்து லண்டனுக்கு நடுவில் இறங்காத போயிங் 787 சேவையைக் குவாண்டாஸ் தொடங்கியது. 14,498 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒரே மூச்சில் ஏறக்குறைய இருபது மணி நேரம் பறக்கும் திட்டத்துக்கு அந்த நிறுவனம் 'சூரிய உதயத் திட்டம்' என்றே பெயரிட்டிருக்கிறது. பழைய கேட்டலினாக்களின் நினைவாக வைத்த பெயர். அந்தப் பழைய பயணங்களில் ஒன்று 32 மணி 9 நிமிடம் நீடித்தது. ஆகாயத்தில் இருந்த நேரத்தைக் கொண்டு பார்த்தால், அதை இன்னும் எந்தப் பயணிகள் சேவையும் மிஞ்சவில்லை.

ஐந்து கேட்டலினாக்களில் ஒன்றுகூட இன்று இல்லை. லெண்ட்-லீஸ் நிபந்தனைப்படி, போர் முடிந்ததும் அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள். அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. ஒன்றையாவது கொக்கலவிலோ பெர்த்திலோ கரையேற்றி வைத்திருக்கலாம். ஆகவே அந்த ஆண்டுகளின் தபால் வழிகளுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி, பைகளுக்குள் போன கடிதங்களே.

அந்தச் சாட்சி நம் வீடுகளிலும் இருக்கலாம். இரண்டாம் உலகப்போரில் மத்திய கிழக்கிலும் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த தமிழர்கள் வீட்டுக்கு எழுதினார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் பரணில் உள்ள டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். உறையின் முன்புறம் கிளம்பிய ஊரின் முத்திரையும் தேதியும் இருக்கும். தணிக்கை அதிகாரியின் முத்திரை இருக்கும். சில உறைகளின் பின்புறம் வந்து சேர்ந்த ஊரின் முத்திரையும் இருக்கும். இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள நாட்களை எண்ணினால், அந்தக் கடிதம் எவ்வளவு காலம் பயணம் செய்தது என்பது தெரிந்துவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் இரு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்தாவது வையுங்கள்.